மூக்கடைத்த ஸ்பீக்கர்கள்

"முடிவாச் சொல்லிப்போடுங்க அம்மணி. எந்த ஸ்பீக்கர், எந்த ரிசீவர்?"

சென்னியப்பன் கதவைத் திறந்தபடியே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஹெப்சிபா தலையைத் தூக்கவில்லை. "போன மாசமே சொன்னேனுங்கண்ணா."

"அது போன மாசம்."

"அதுக்கு முந்தின மாசமும் அதையேதான் சொன்னேன்."

"அதுக்கப்புறம் நான் நெறையப் படிச்சுட்டேனுங்க."

அவள் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள். இனி வேலை ஓடாது என்று அவளுக்குத் தெரியும்.

கோயம்புத்தூரில் ஒலி விஷயத்தில் ஹெப்சிபா சொன்னால் மறுபேச்சு கிடையாது. புதிதாகத் தியேட்டர் கட்டுகிறவர்கள் அவளைக் கூட்டிவந்து நடு வரிசையில் உட்காரவைப்பார்கள். அவள் தலையாட்டினால்தான் படம் போடுவார்கள். ராமநாதபுரத்தில் ஒரு மாடியில் கேட்பு அறை ஒன்று வைத்திருந்தாள். வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்கள் அங்கே வந்து, உட்கார்ந்து, கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

சென்னியப்பன் அவளைவிட மிகவும் மூத்தவர். நூல் மில்லில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்தும் அவளைத்தான் தன்னுடைய குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். குரு சொன்னதை ஒரு நாளும் செய்ததில்லை.

இப்படிப்பட்ட சீடர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. குருமார்கள் எதற்காக மலைமேல் போய் உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு இவரைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"மறுபடியும் சொல்றேன், கேட்டுக்குங்க," என்றாள் ஹெப்சிபா. "உங்க ஹாலுக்கு அலமாரில நிக்கற சைஸுல ஒரு ஜோடி ஸ்பீக்கர். வசனத்துக்கு நடுவுல ஒண்ணு. அதுகளை இழுக்கற அளவுக்கு ஒரு ரிசீவர். போதும்."

"பின்னாடி ரெண்டு வேண்டாங்களா?"

"பின்னாடி உங்களுக்குச் செவுருதான் இருக்குது."

"தலைக்கு மேல?"

"ஃபேன் இருக்குது."

"அதுக்கில்லீங்க அம்மணி." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சினிமாவுக்கு நல்லா இருக்கற செட்டு பாட்டுக்கு ஆக மாட்டீங்குது. பாட்டுக்கு நல்லா இருக்கறது சினிமாவுக்கு ஆக மாட்டீங்குது. வாங்கறதும் திருப்பிக் குடுக்கறதுமா இருக்கறேன். ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒண்ணு இருக்கோணுமல்லங்க?"

"கடைசியா என்ன படம் பாத்தீங்க?"

"படம் எங்கீங்க பாக்கறது. ஹெலிகாப்டர் வர்ற சீன் மட்டும் போடுவேன். அது பின்னால இருந்து முன்னால வழுக்கிட்டுப் போகோணும். போகாது. நிறுத்திப்போடுவேன்."

"பாட்டு?"

"பல்லவி முடியறதுக்குள்ள குறை தெரிஞ்சுருமுங்க. அதுக்கு மேல எதுக்குக் கேக்கறது?"

ஹெப்சிபா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஊட்டுல அக்கா என்ன கேப்பாங்க?"

சென்னியப்பன் சட்டைப் பித்தானைத் திருகினார்.

"கலாமணி இங்கில்லீங்க. உடுமலைல தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டா."

"விசேஷங்களா?"

"கோவிச்சுட்டுப் போயிட்டா."

பிறகு நடந்ததைச் சொன்னார்.

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். நாம் உட்காரும் நாற்காலியில், காது இருக்கும் உயரத்தில் அதை வைக்க வேண்டும். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஊய் என்று ஒரு சத்தம் விட்டு, அது வந்து சேர்வதை அந்த மைக்கால் கேட்டு, அறையை அளந்து, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அளக்கும்போது வேறு சத்தம் இருக்கக் கூடாது. மற்றவர்கள் செட்டு வாங்கிய அன்று ஒருமுறை அளப்பார்கள். அதோடு மறந்துவிடுவார்கள். சென்னியப்பன் தினமும் அளந்தார்.

ஃபேனை நிறுத்துவார். ஃப்ரிட்ஜைப் பிடுங்குவார். ஜன்னலைச் சாத்துவார். சமையலறையில் கலாமணி கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும்.

"அன்னிக்குப் பாதி ஓடிட்டு இருந்துதுங்க. இருமிப்போட்டா. முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். மறுபடியும் இருமல். மறுபடியும் ஆரம்பிச்சேன். மூணாவது வாட்டி என்னமோ சொல்ல வாயத் தொறந்தா. நான் திரும்பாமயே வாய்மேல வெரல வெச்சுக் காட்டினேன்."

"அப்புறம்?"

"அளவு சுத்தமா வந்துது. திரும்பிப் பாத்தா பைய எடுத்துட்டு நிக்கறா. 'இந்த ஊட்டுல நான் இருமறதுகூடத் தப்பா இருந்தா, நான் எதுக்குங்க இங்க'ன்னு கேட்டா. போயிட்டா."

"போய்க் கூப்பிட்டீங்களா?"

"எந்த மூஞ்சியோட கூப்பிடறது? செட்டு இன்னும் அமையலையேங்க." அவர் குரல் உடைந்தது. "நல்லதா ஒண்ணு அமைஞ்சுட்டா அப்புறம் அளக்கவே வேண்டியதில்ல. அவளும் வந்துருவா. அவ இல்லாம ஊடு ஊடாவே இல்லீங்க அம்மணி. சோறு எறங்க மாட்டீங்குது. அதனாலதான் கேக்கறேன். சரியான ஸ்பீக்கரச் சொல்லிப்போடுங்க."

அவர் அழுதே விட்டார். நடிப்பில்லை. நிஜமாகவே மனைவிக்காக ஏங்கினார், நிஜமாகவே ஸ்பீக்கர்தான் வழி என்று நம்பினார். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது?

ஹெப்சிபாவுக்கும் தெரியவில்லை.

"கேட்டே பாத்துருங்க," என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடு நாற்காலிக்கு மாறினார். தன் போனை எடுத்து அணைத்தார். "சிக்னல் வந்தா இரையுமுங்க," என்று விளக்கம் வேறு. பிறகு பூஜையில் உட்கார்ந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

ஹெப்சிபா தன் போனை ரிசீவரோடு இணைத்தாள். பாட்டு ஒன்றைத் தேடும்போதே போன் ஒளிர்ந்தது. வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி. அனுப்பியது கலாமணி.

அவள் உடனே அதை அழுத்தினாள். கலாமணியின் குரல் சுவரோரம் நின்ற ஸ்பீக்கர் ஜோடியிலிருந்து எழுந்து அறையை நிறைத்தது.

"அம்மணி, அவரு அங்கதான் இருப்பாருன்னு தெரியும். போனை அணைச்சு வெச்சிருக்காரு. நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டேன். இத்தன நாளுல வந்து கூப்பிடுவாருன்னு பாத்தேன், வல்ல. நானாத்தான் கெளம்பி வந்தேன். ஆனா ஊடுவரைக்கும் நானாப் போக மனசு வல்ல. வந்து கூட்டிட்டுப் போனாருன்னா போறேன். இல்லீன்னா உடுமலை பஸ்ஸு பக்கத்துலயே நிக்குது. ஏறிக்கறேன். அப்புறம் வர மாட்டேன். சொல்லிப்போடுங்க."

ஹெப்சிபா மூச்சு விட்டாள். அப்பாடா, அவளே வந்துவிட்டாள். சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்தார்.

"நடுப்பகுதி கொஞ்சம் வறட்சியா இருக்குதுங்க," என்றார்.

"அண்ணா?"

"குரலுக்கு நல்ல சாம்பிள் புடிச்சிருக்கறீங்க. பின்னாடி பஸ் சத்தம் தனியாத் தெரியுது. ஆனா குரல்ல ஒரு மூக்கடைப்பு. அடுத்த ஜோடில போடுங்க பாக்கலாம்."

அவளுக்கு வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது. ஸ்விட்சை மாற்றிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

அலமாரி ஸ்பீக்கர்களில் கலாமணி மறுபடியும் உக்கடத்தில் இறங்கினாள். மறுபடியும், வந்து கூட்டிப் போனால் போகிறேன் என்றாள். மறுபடியும், வர மாட்டேன் என்றாள்.

"இதுல ஸ, ஷ மாதிரி காத்தெழுத்து வர்றப்பக் குத்துதுங்க. மூக்கடைப்பு இதுலயும் இருக்குது. பெருசுல போடுங்க."

ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய ஜோடி. அந்த அறையிலேயே உயர்ந்தது அதுதான். கலாமணி பக்கத்தில் நின்று பேசுவது போலிருந்தது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

சென்னியப்பன் தொடையில் தட்டினார். "இதானுங்க. ஒரு வார்த்தை விடாமத் தெளிவாக் கேக்குது. பஸ்ஸு எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னே சொல்லிப்போடலாம். ஆனா அந்த மூக்கடைப்பு மட்டும் போக மாட்டீங்குது பாருங்க. மூணு ஜோடிலயும் ஒரே கோளாறு. அப்ப ஸ்பீக்கர்ல இல்ல. ரிசீவர்தான்."

"ஒரு வார்த்தை விடாமக் கேட்டுதுங்களா?"

"ஒரு வார்த்தை விடல."

"என்ன சொன்னாங்க?"

"யாரு?"

ஹெப்சிபா எழுந்தாள். ரிசீவரை அணைத்தாள். அறையிலிருந்த சின்னச் சின்ன விளக்குகள் அணைந்தன. அவர் அருகில் வந்து, தன் போனை அவர் காதுக்குப் பக்கத்தில் வெறுமனே பிடித்தாள். செய்தியை அழுத்தினாள்.

போனின் அடியில் ஊசி முனையளவுக்கு நாலைந்து துளை. அதன் வழியாகக் குரல் மெலிந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"இதென்னங்க, இதுல என்னத்த..." என்று சிரித்தபடி ஆரம்பித்தார்.

சிரிப்பு நின்றது.

கண்ணைத் திறந்தார். செய்தி முடியும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலாமணிங்க," என்றார்.

ஹெப்சிபா போனை இறக்கினாள்.

"அழுதிருக்கறா."

அவர் தன் போனை எடுத்தார். அதை உயிர்ப்பிக்க இத்தனை நேரமாகும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும். இரண்டுமுறை தவறான பெயரை அழுத்தினார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தாள்.

சத்தமே எதிரொலிக்காத அந்த அறையில், அவர் காதோரத்துப் போனில் வந்த அவள் குரல் ஹெப்சிபாவுக்கும் கேட்டது. ஹாரன், கண்டக்டர்களின் கூவல், யாரோ ஒரு குழந்தையின் அழுகை, எல்லாவற்றுக்கும் நடுவில் கலாமணி.

"பஸ்ஸு எடுக்கப் போறாங்க. ஏறி நிக்கறேன். இங்க ஒரே சத்தம். நீங்க என்ன சொன்னாலும் கேக்காது."

சென்னியப்பன் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டிருந்தார்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. எறங்கு. எறங்கி நின்னு பேசிட்டே இரு. கேட்டுட்டே வர்றேன்."