அக்கரை இன்ஜெரா

யிஸ்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. அவனுடைய குருவுக்கு நாற்பத்திரண்டு. வயதை மதித்து 'அவர்' என்று சொல்லலாம்தான். ஆனால் குருகுலத்தில் நேற்று வந்தவனும் மாணவன், தலை நரைத்தவனும் மாணவன். ஆகவே இந்தக் கதை முடியும்வரை அவன் அவன்தான்.

எத்தியோப்பியாவில், அம்ஹாரா மக்கள் வாழும் மேட்டுநிலத்தில் இருந்தது அந்தக் குருகுலம். ஊருக்கு ஜிப் அம்பா என்று பெயர். அந்த வட்டாரமே மூன்று மாடி வீடு மாதிரி. மேல்மாடியில் ஜிப் அம்பா, எப்போதும் குளிர். பார்லியும் செம்மறி ஆடும் அங்கே. நடுமாடியில் தெஃப் விளையும். கடுகைவிடப் பொடியான தானியம் அது. அதை அரைத்துப் புளிக்கவைத்து, முறம் அகலத்துக்குத் தோசை போலச் சுட்டால் அதுதான் இன்ஜெரா. கீழ்மாடியில் வெயில், சோளம், காய்ச்சல், நடுவே ஓர் ஆறு. ஆற்றைத் தாண்டினால் இதே மூன்று மாடிகள் மறுபடி மேலே ஏறும். அதன் உச்சியில் சிலல்கே. யிஸ்மாவ் பிறந்த ஊர்.

காற்று அடங்கிய காலையில் ஓர் ஊரின் விளிம்பில் நின்று கத்தினால் மற்ற ஊரில் கேட்கும். சாவு, கல்யாணம் எல்லாச் சேதியும் அப்படித்தான் போகும். நடந்து போவதென்றால் விடிந்ததும் கிளம்பி, பொழுது சாயப் போய்ச் சேரலாம். மழை தொடங்கிவிட்டால் அதுவும் கிடையாது. மூன்று மாதம் ஆறு யாரையும் விடாது.

பதினொரு வருடங்களுக்கு முன்னால் யிஸ்மாவ், நடுமாடியில் இருந்த தன் வயல் ஓரமாக நாற்பது தைலமரக் கன்றுகளை நட்டான். மரங்கள் தளதளவென்று வளர்ந்து பக்கத்து வயலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டன. பக்கத்து வயல் அவனுடைய தம்பி மொல்லாவுடையது. தெஃப் பயிர் வாடியது. மொல்லா சொல்லிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் கோடாலியை எடுத்துக்கொண்டு போய் நாற்பதையும் சாய்த்துவிட்டான்.

அந்த வாரமே மரியன்னையின் திருநாள். ஊரே கூடியிருந்தது. எல்லோர் முன்னாலும் யிஸ்மாவ் தம்பியைப் பார்த்துச் சொன்னான்.

"மரியன்னை மேல சத்தியம். இனிமே உன் வீட்டு இன்ஜெரா என் வாயில பட்டா, என் நாக்கு வத்திப் போகட்டும்."

அவன் மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள், பிள்ளையும் இல்லை. அன்றே ஆற்றைக் கடந்து வந்து, ஆலயப் பாடல் சொல்லிக்கொடுக்கும் மெரிகேட்டா லிசானேயிடம் மாணவனாகச் சேர்ந்தான். மெரிகேட்டா என்றால் அந்தப் பக்கத்தில் குரு.

அங்கே மாணவர்களுக்குச் சோறு போட யாரும் கிடையாது. ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, நாய்க்கு ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் "மரியன்னையின் பெயரால்!" என்று குரல் கொடுக்க வேண்டும். கிடைத்ததையெல்லாம் ஒரே கூடையில் கொட்டிக் கலந்து பகிர்ந்து சாப்பிட வேண்டும். எது எந்த வீட்டுத் துண்டு என்று கேட்கக் கூடாது.

குருமார்கள் பிச்சைக்குப் போவதில்லை. லிசானே மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை போவார். அறுவடை முடிந்ததும் தனியாக ஆற்றைக் கடந்து போய், வெயிலில் காயவைத்த இன்ஜெராத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவருவார். குருவுக்கு அக்கரையில் என்ன வேலை என்று மாணவர்கள் தங்களுக்குள் கேலி பேசுவார்கள்.

யிஸ்மாவ் கேலி பேசமாட்டான். அந்தப் பை வரும் மாதம்தான் அவனுக்குப் பிடித்த மாதம். மாவில் ஒரு சிட்டிகை வெந்தயம் சேர்ந்திருக்கும். அவனுடைய அம்மாவும் அப்படித்தான் சுடுவாள். அக்கரையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பல்லால் கடிக்காமல் வாயிலேயே ஊறவைத்துத் தின்பான்.

இப்படியே பதினொரு வருடம் ஓடியது.

மழைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு காலை, யிஸ்மாவ் விளிம்பில் உட்கார்ந்து பாடம் பாடிக்கொண்டிருந்தான். உன் குரல் குடிசைக்கு அடங்காது, விளிம்புக்குப் போய்ப் பாடு என்று குரு முதல் வருடமே அனுப்பியிருந்தார். பாட்டு முடிந்ததும் அக்கரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"யிஸ்மாவுக்குச் சேதி! மொல்லா படுத்துட்டார்! எழுந்திருக்க முடியலை! ஆறு நிறையறதுக்குள்ள அண்ணனை வரச் சொல்றார்!"

கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். சேதி சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமே. யிஸ்மாவ் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. பக்கத்தில் ஏர் பூட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் ஓடி வந்து அவனுக்காகத் திருப்பிக் கத்தினார்.

அவன் குருவிடம் போனான். குரு ஆட்டுத்தோலில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, சாமி மேல பண்ணின சத்தியத்தை மனுஷன் மீறலாமா?"

"எந்தச் சத்தியம்?"

யிஸ்மாவ் சொன்னான். பதினொரு வருடமாக யாரிடமும் சொல்லாததை முழுக்கச் சொன்னான்.

"தம்பியைப் பார்க்கணுமா?"

"பார்க்கணும் ஐயா. இங்கிருந்தே அவன் வீட்டுப் புகை தெரியும். தினமும் பார்க்கிறேன்."

"அப்போ போ."

"போனா சாப்பிடணுமே. அவன் கையால ஊட்டுவான். சாகக் கிடக்கிறவன் கையைத் தட்டிவிட்டா, அதுக்கு நான் போகாமலே இருக்கலாம். வாங்கிக்கிட்டா, அன்னை பெயர் பொய்யாகும். நாக்கும் போகும். நாக்கு போனா எனக்கு என்ன இருக்கு?"

அந்த ஊர்ப்பக்கம் பிரியமானவர்கள் ஒருவர் வாயில் ஒருவர் கவளம் வைப்பார்கள். அதை மறுப்பது முகத்தில் அறைவதற்குச் சமம். யிஸ்மாவ் சொன்னதில் தப்பே இல்லை.

குரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எழுந்து பையை எடுத்துத் தோளில் போட்டார்.

"பிச்சைக்குப் போவோம், வா."

"இப்பவா? இது நீங்க பிச்சைக்குப் போற காலமே இல்லையே, ஐயா."

"பசி காலம் பார்த்தா வருது?"

இருவரும் இறங்கினார்கள். பார்லி வயல் போய், தெஃப் வயல் போய், ஆட்டுத்தோலைக் கழற்றித் தோளில் போடும் அளவுக்கு வெயில் வந்தது. உச்சிப் பொழுதில் ஆற்றை அடைந்தார்கள். மலைமேல் எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். தண்ணீர் கலங்கி, முழங்காலுக்கு மேல் ஓடியது.

நடு ஆற்றில் யிஸ்மாவ் நின்றுவிட்டான்.

"நான் திரும்பிடறேன், ஐயா. அவன் முகத்தைப் பார்த்துட்டு, சாப்பிடமாட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அழுதுகொண்டே சொன்னான். ஐம்பத்தொரு வயது ஆள், இடுப்புத் துணி நனைய, ஆற்று நடுவில் நின்று அழுதான்.

குரு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படியும் நனைஞ்சாச்சு. அந்தப் பக்கமே காய வெச்சுக்கலாம்."

பொழுது சாயும் நேரத்தில் சிலல்கேயில் ஏறினார்கள். குரு யாரிடமும் வழி கேட்கவில்லை. ஆலயத்தைச் சுற்றிய மரங்களைத் தாண்டி, இடதுபக்கம் திரும்பி, நேராக மொல்லாவின் வீட்டு வாசலில் போய் நின்றார். நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. குருவை மோப்பம் பிடித்தது. உடனே வாலை ஆட்டியது. பிறகு யிஸ்மாவைப் பார்த்துப் பழையபடி குரைக்க ஆரம்பித்தது.

"கூப்பிடு," என்றார் குரு.

"என்னன்னு கூப்பிட?"

"பிச்சைக்கு வந்தவன் எப்படிக் கூப்பிடுவான்?"

யிஸ்மாவ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மரியன்னையின் பெயரால்!"

உள்ளேயிருந்து தளர்ந்த குரல் ஒன்று கேட்டது. "எனானு, கதவைத் திற. அண்ணன்."

மொல்லாவின் மனைவி எனானு கதவைத் திறந்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டவர் குருதான்.

"என்ன ஐயா, அறுப்பு முடிஞ்சுதானே வருவீங்க? காயவெச்சது ஒண்ணும் இல்லையே, இன்னிக்குச் சுட்டதுதான்…"

அதற்குள் பின்னால் நின்றவனைப் பார்த்துவிட்டாள். மேல்துணி நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

யிஸ்மாவ் குரு பக்கம் திரும்பினான்.

"நீங்க இந்த வீட்டுக்கு வந்திருக்கீங்களா?"

"வருஷா வருஷம்."

"அந்தப் பை…"

"இந்த வீட்டுப் பைதான்."

"வெந்தயம்…"

"உங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டேன்னு இவங்க சொன்னாங்க."

யிஸ்மாவ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். விரலை வாய்க்குள் விட்டு நாக்கைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது.

"ஏன் ஐயா என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா பட்டினி கிடந்திருப்ப."

உள்ளே மண்மேடைப் படுக்கையில், கனத்த பருத்திப் போர்வைக்குள் மொல்லா படுத்திருந்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முகத்தில் எலும்புதான் தெரிந்தது. யிஸ்மாவ் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்து, வீங்கிய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"பார்க்காமலே நான்னு எப்படித் தெரிஞ்சுது? பதினோரு வருஷமாச்சே," என்றான்.

மொல்லா சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

"தினமும் காலையில பாடறியே அண்ணே. காத்து இல்லாத அன்னிக்கு நல்லாக் கேட்கும்."

"கேட்பியா?"

"முதல் வருஷம், நம்ம கதையை யாரோ சொல்லக் கேட்டுட்டு மெரிகேட்டா வந்து நின்னார். உன்னைச் சேர்த்துக்கிட்டவர் இவர்தான்னு தெரியும். உனக்குக் கொடுத்தனுப்ப எனக்கு ஆசை. ஆனா பயம். நீ பண்ணின சத்தியத்தை ஊரே கேட்டிருக்கே. அதனால ஒரே ஒரு இன்ஜெராதான் கொடுத்தேன். அப்புறம் ரெண்டு நாளாத் தூக்கம் இல்லை. மூணாம் நாள் காலையில விளிம்புல போய் உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. ஐயோ, அண்ணன் நாக்கை நானே கெடுத்துட்டேனேன்னு…"

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்," என்றான் யிஸ்மாவ்.

"நாலாம் நாள் பாடினே. வீட்டுக்கு ஓடி வந்து இவகிட்ட சொன்னேன். அடுத்த வருஷம் ஒரு பை கொடுத்தோம்."

யிஸ்மாவ் தம்பியின் காலைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"மரத்தை நான் வெட்டியிருக்கக் கூடாது," என்றான் மொல்லா.

"நான் நட்டிருக்கக் கூடாது."

எனானு மூங்கில் தட்டைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அன்று சுட்ட இன்ஜெரா, மேலே சூடான பருப்புக் குழம்பு. வெந்தய வாசனை வந்தது. மொல்லா எழுந்து உட்கார முயன்றான். அவள் அவன் முதுகைத் தாங்கிக்கொண்டாள். அவன் ஒரு துண்டைக் கிழித்து, குழம்பில் தோய்த்து, சுருட்டி, அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினான். குழம்பு மணிக்கட்டு வழியாக ஒழுகியது.

யிஸ்மாவ் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு, பழக்க தோஷம், குருவைப் பார்த்தான்.

"ஐயா, தெரியாமச் சாப்பிட்டது சரி. இப்போ தெரிஞ்சுக்கிட்டு… என் சத்தியம்…"

"அன்னை பெயரைச் சொல்லி ஒரு நாள் சத்தியம் பண்ணின. அதே பெயரைச் சொல்லிப் பதினோரு வருஷமாப் பசிக்குதுன்னு கேட்ட. அவ எதைக் காதுல வாங்கினான்னு உன் நாக்குக்குத் தெரியும். தம்பிக்குக் கை வலிக்குது, பார். வாயைத் திற."