பதிலுக்கு ஒரு பொருள்

இத்தாலி நாட்டு மலைக்கோட்டை ஒன்றின் பிரபு ரினியேரி, ஐம்பதாவது வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவியாவது என்று முடிவு செய்தார். அந்த வம்சத்தார் ஒன்றை முடிவு செய்துவிட்டால் செய்ததுதான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. தடுக்க ஆள் இல்லை. இருந்திருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

மலைக்கு மேலே குகையில் வாழ்ந்த துறவி எர்மீனியோவைக் குருவாக ஏற்றுக்கொண்டார். எர்மீனியோ அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒரு காலத்தில் அவருடைய பன்றிகளை மேய்த்தவர். பிரபு அதைப் பொருட்படுத்தவில்லை என்று ஊரில் மெச்சிக்கொண்டார்கள். எர்மீனியோவும் பொருட்படுத்தவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"எல்லாத்தையும் கொடுத்துட்டு வெறுங்கையோட வர்றேன், சாமி. என்னைச் சேர்த்துக்கணும்."

"வா, பார்ப்போம்," என்றார் எர்மீனியோ.

அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் நிலத்தையோ வீட்டையோ தானமாகக் கொடுத்தால், வாங்குகிறவர் பதிலுக்கு ஏதாவது ஒரு பொருளைச் சாட்சிகள் முன்னால் கொடுத்தவர் கையில் தர வேண்டும். ஒரு நூல் துண்டுகூடப் போதும். அது வராவிட்டால் தானம் செல்லாது.

கோட்டையை வாங்கிய தம்பி உகோ ஒரு கையுறை தந்தான். காட்டை வாங்கிய மடத்துக்காரர்கள் ஒரு மெழுகுவர்த்தி தந்தார்கள். மிச்சமிருந்தது ஓடைக்கரை மாவு ஆலை. அதை பெர்த்தா என்ற விதவைக்குத்தான் கொடுப்பது என்று ரினியேரி உறுதியாக இருந்தார். அவளோ தொடமாட்டேன் என்றாள்.

காரணம் ஊருக்கே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எல்லோரும் தன் ஆலையில்தான் அரைக்க வேண்டும், வீட்டில் திருகை வைத்திருக்கக் கூடாது என்று ரினியேரி உத்தரவு போட்டார். ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து திருகைகளை உடைத்தார்கள். பெர்த்தாவின் கணவன் மறித்தான். அவனைக் கோட்டைக்கு இழுத்துப்போய் நிலவறையில் போட்டார்கள். அந்தக் குளிர்காலத்தை அவன் தாண்டவில்லை.

புனித மார்ட்டின் திருநாள்வரைதான் கெடு. அதற்குள் கொடுக்கப்படாத சொத்தெல்லாம் உகோவுக்கு என்று பாகப் பத்திரத்தில் எழுதியாகிவிட்டது. உகோ அந்த ஆலையையும் உத்தரவையும் கைவிடுகிற ஆள் இல்லை. திருநாளுக்கு இரண்டே நாள் இருக்கும்போது ரினியேரி மலையேறினார்.

"மூணு தடவை போனேன், சாமி. வாசல்லயே நிறுத்திட்டா. அவளுக்கு நல்லதுதானே செய்யறேன்? அவளை எப்படிச் சம்மதிக்க வைக்கிறது?"

"பதிலுக்கு என்ன கேட்டே?"

"பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு நூல் துண்டு. கூடவே 'மன்னிச்சேன்'னு ஒரு வார்த்தை."

எர்மீனியோ அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கீரைச்சாற்றை மரக்கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். மலைச்சரிவில் தானாக முளைக்கிற கசப்புக் கீரை.

"வேண்டாம், சாமி. சாப்பிட்டுத்தான் வந்தேன்."

நீட்டிய கை அப்படியே இருந்தது.

"கசப்பு எனக்கு ஒத்துக்காது. கொஞ்சம் தேன் கலந்து..."

கை மடங்கவில்லை. கிண்ணத்தில் ஆவி அடங்கியது. ரினியேரிக்கு முதலில் எரிச்சல் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"கசக்குதா?"

"நாக்கே மரத்துப்போச்சு."

"என்கிட்ட இருந்தது அதுதான்," என்று சொல்லிவிட்டு எர்மீனியோ கிண்ணத்தைக் கழுவப் போனார்.

ரினியேரி எழுந்து மலையிறங்கினார்.

மறுநாள் பத்திரம் எழுதுபவரையும் இரண்டு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு பெர்த்தாவின் வாசலில் நின்றார்.

"மறுபடியுமா? மன்னிக்கமாட்டேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"மன்னிப்புக் கேட்டு வரல, பெர்த்தா. இன்னைக்கு விட்டா ஆலை உகோ கைக்குப் போயிடும். வாங்கிக்க. பதிலுக்கு உன்கிட்ட என்ன இருக்கோ, அதைக் கொடு."

"என்ன இருக்கோ அதையா?"

"எதுவா இருந்தாலும் சரி."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது உடைந்த திருகையின் மேல்கல்லில் ஒரு பாதியை இடுப்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். சாட்சிகள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

ரினியேரி இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் கல்லை அவர் கையில் வைக்கவில்லை. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவர் நெஞ்சில் மோதினாள். அவர் தடுமாறிச் சேற்றில் முழங்கால் ஊன்றினார். உடைந்த விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. ஆனால் கல்லைக் கீழே விடவில்லை.

"இதைக் காப்பாத்தப் போய்த்தான் அவர் செத்தார். பன்னிரண்டு வருஷமா நான் வெச்சிருந்தேன். இனிமே நீ வெச்சுக்க," என்றாள் பெர்த்தா.

பத்திரம் எழுதுபவர் பேனாவைப் பிடித்தபடி விழித்தார். "பிரபுவே, இதை நான் என்னன்னு எழுதறது?"

"திருகைக்கல் பாதி. கையில வாங்கிக்கிட்டேன்னு எழுதுங்க."

பெர்த்தா சாட்சி ஒருவர் நீட்டிய ஆலைச் சாவியை வாங்கிக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திருநாள் காலையில் ரினியேரி அந்தக் கல்லோடு மலையேறத் தொடங்கினார். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் ஏறுகிற வழி, அன்று உச்சிப்பொழுதாகிவிட்டது. வழியெல்லாம் பாறைகள்தான். அங்கே ஒரு கல்லைப் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திருகைகளை உடைத்த அன்று அவர் வேட்டைக்குப் போயிருந்தார். சத்தம்கூடக் காதில் விழவில்லை. இதை நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏறினார்.

எர்மீனியோ குகை வாசலில் நின்றிருந்தார்.

"ஆலையையும் கொடுத்தாச்சு, சாமி. ஆனா அவ மன்னிக்கல." ரினியேரி கையிலிருந்த கல்லைப் பார்த்தார். "வெறுங்கையோட வர்றேன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேன். இதைக் கீழே போட மனசு வரல."

எர்மீனியோ நகர்ந்து அவருக்கு வழிவிட்டார்.

"வெறுங்கையோட வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்," என்றார்.