மல்லன் கையிலிருந்த செப்பேடு

முன்னொரு காலத்தில் வேங்கைக்காட்டு நாட்டை வீரகேதன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் தான் சொன்னது சாயங்காலம் அவருக்கே புரியாது.

அவரிடம் மழவன் என்றொரு மல்லன் இருந்தான். மூன்று வருஷமாக அவனை யாரும் மண்ணில் சாய்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் ராஜா அவனுக்கு ஒரு செப்பேடு எழுதிக் கொடுத்தார்: ‘உன் சம்மதமில்லாமல் உன்னை வேறு நாட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.’

ஒருநாள் குடகரை நாட்டிலிருந்து தூதுவன் வந்தான். மழவனைக் கொடுத்தால் இரண்டு யானைகள் தருவார்களாம். ராஜாவுக்கு யானை என்றால் உயிர். செப்பேட்டை வரவழைத்து இருமுறை படித்தார்.

“நான்தானே எழுதினேன்? இதற்கு என்ன அர்த்தம்?”

தனக்குக் கிடைக்காத செப்பேடு ஒரு மல்லனுக்குக் கிடைத்ததே என்று பொருமிக்கொண்டிருந்த பிரதானி பூபாலர் எழுந்தார். “அர்த்தமே இல்லை, மகாராஜா. ஆள் உங்களுடையவன். அனுப்பிவிடுங்கள்.”

“அப்படியல்ல” என்றார் மந்திரி பொன்னம்பலர்.

“அப்படியானால் அவன் சாகும்வரை இங்கேயே கிடக்க வேண்டுமா?”

“அப்படியும் அல்ல, மகாராஜா.”

ராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். வாசலோரம் நின்ற மழவனுக்கு அவரைவிடக் குழப்பம். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மந்திரி யோசித்துவிட்டுச் சொன்னார். “இரண்டு யானைக்கு ஓர் ஆள்தானே? பூபாலரிடம் செப்பேடு கிடையாது. அவரை நாளைக்கே அனுப்பிவிடலாம்.”

“நல்ல யோசனை” என்றார் ராஜா. தூதுவன் பூபாலரை ஏற இறங்கப் பார்த்தான்.

பூபாலருக்கு வேர்த்துவிட்டது. “என் வீடு, பேரப்பிள்ளைகள் எல்லாம் இங்கே இருக்க, என்னை ஒரு வார்த்தை கேட்காமல்...” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வேண்டும் என்பதுதான் செப்பேட்டில் இருக்கிறது, மகாராஜா” என்றார் மந்திரி.

ராஜா செப்பேட்டை மறுபடியும் படித்தார். பிறகு, “பூபாலரே, இறங்கிப் போய் அவனைக் கேளும்” என்றார். பூபாலர் தலைகுனிந்தபடி வாசல்வரை நடந்து போய்க் கேட்டார்.

“குடகரைக்குப் போக மாட்டேன், ஐயா” என்றான் மழவன். “முத்துத்துறை ராஜா கேட்டால், குழந்தை பிறந்த பிறகு போகிறேன். அது என் மனைவி பிறந்த ஊர்.”

ராஜா தன் முத்தாரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். ஆனாலும் முகம் தெளியவில்லை. “போக மாட்டேன் என்கிறான், போவேன் என்றும் சொல்கிறான். அப்படியானால் இந்தச் செப்பேடு அவனைக் கட்டவில்லையா?”

“இல்லை, மகாராஜா” என்றார் மந்திரி. “அது கட்டியது உங்களைத்தான்.”