இன்னொரு குட்டி

மலையடிவாரத்தில் தெய்வநாயகி அம்மையார் என்று ஒரு குரு இருந்தார். அவருடைய சீடர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். மாசிலாமணியும் அப்படித்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். தலை முழுக்க நரை. ஆனாலும் குருவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை அவர் தனியாக வரவில்லை. அவர் காலைச் சுற்றிச் சுற்றி ஒரு நாய்க்குட்டியும் வந்தது. செம்மண் நிறம். பெயர் செம்பன்.

“அம்மா, இன்னிக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்.”

“என்ன முடிவு?”

“இவன்கூடப் பிறந்த குட்டி ஒண்ணு செக்கடியில இருக்கு. நாளைக்குக் காலையில செக்குக்காரர் அதை வெளியூர் வண்டியில ஏத்தி விட்டுடுவாராம். நாமளே எடுத்து வளர்ப்போம்னு என் மனைவி செண்பகம் சொல்றா. நாங்க ரெண்டு பேரும் கொடிக்காலுக்குப் போயிட்டா இவன் தனியாக் கிடந்து ஊளையிடுறானாம்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“ஒண்ணையே சமாளிக்க முடியலையே அம்மா. செருப்பைக் கடிச்சுப் போடுறான்.”

“செருப்பைப் பரண்மேல வைங்க.”

“விரிச்ச பாயிலயே ஈரம் பண்றான்.”

“பாயைச் சுருட்டி வைங்க.”

“ரெண்டு குட்டிக்கும் பால் வேணுமே.”

“உங்க வீட்டுலதான் மாடு இருக்கே.”

மாசிலாமணி தலையைச் சொறிந்தார்.

“இதையெல்லாம் செண்பகமே சொல்லிட்டா,” என்றார்.

“அப்போ, கேட்க வந்ததைக் கேளுங்க.”

மாசிலாமணி குனிந்து செம்பனின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“சாயங்காலம் நான் தெருமுனை திரும்பினாலே இவன் ஓடி வர்றான், அம்மா. வாலோட சேர்ந்து உடம்பே ஆடும். என்னைப் பார்த்து இப்படி யாரும் இதுவரைக்கும் ஓடி வந்ததில்லை. இன்னொண்ணு வந்துட்டா, இவன் அதோடயே இருந்துடுவானோன்னு...”

 

அம்மையார் எழுந்தார். “வாங்க, செக்கடி வரைக்கும் போயிட்டு வருவோம்.”

அங்கே எள் ஆடிக்கொண்டிருந்தது. மாடு நிதானமாகச் செக்கைச் சுற்றி வந்தது. ஓரத்தில் குவிந்திருந்த பிண்ணாக்கின்மேல் ஒரு கறுப்புக் குட்டி சுருண்டு தூங்கியது. செம்பன் அதன் அருகே போய் மோந்து பார்த்தான். கறுப்பு ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

அவ்வளவுதான். பிண்ணாக்கு பறந்தது. இரண்டும் கட்டிப் புரண்டு, பிரிந்து, மாட்டின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடின. மாடு நின்றுவிட்டது.

“ஏய்! ஏய்!” என்று செக்குக்காரர் கத்தினார்.

“செம்பா!” என்று மாசிலாமணி கூப்பிட்டார்.

செம்பன் திரும்பவில்லை.

“செம்பா, வாடா!”

இந்தத் தடவை செம்பன் தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒருமுறை வாலை ஆட்டினான். அதற்குள் கறுப்பு அந்த வாலைக் கவ்வி இழுத்தது. செம்பன் மறுபடி விளையாடப் போய்விட்டான்.

மாசிலாமணி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். முகம் வாடிப்போயிற்று. 

குட்டிகள் ஒரு காலிச் சாக்குக்குள் நுழைந்தன. சாக்கு தானாக நகர ஆரம்பித்தது. உள்ளேயிருந்து உறுமல் வந்தது. சாக்கு குட்டிக்கரணம் போட்டது. மாடு மிரண்டு பின்வாங்கியது. கத்திக்கொண்டிருந்த செக்குக்காரர் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்கக் கூடாது என்றுதான் மாசிலாமணி இருந்தார். முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

“இவன் இவ்வளவு ஆட்டம் போட்டு நான் பார்த்ததே இல்லை, அம்மா.”

அவரே போய்ச் சாக்கைத் தூக்கினார். வெளியே வந்து விழுந்த கறுப்பைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

“வண்டிக்காரர்கிட்ட சொல்லிடுங்க,” என்றார் செக்குக்காரரிடம். “இது வெளியூர் போகலை.”

திரும்பி வரும்போது கறுப்பு அவர் தாடையை நக்கிக்கொண்டே வந்தது. செம்பன் அதை எட்டிப் பிடிக்கத் தாவித் தாவி வந்தான். பாதை பிரியும் இடத்தில் மாசிலாமணி நின்றார்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“நாளைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போறேன்னு வைங்க. ரெண்டும் விளையாட்டு மும்முரத்துல இருக்கு. நான் வந்ததையே கவனிக்கலை. ஒண்ணுகூட என்கிட்ட ஓடி வரலை. அப்போ நான் என்ன பண்றது?”

துண்டுக்கு வெளியே நீண்டிருந்த கறுப்பு மூக்கை அம்மையார் விரலால் தொட்டார்.

“நீங்க ஓடிப் போங்க,” என்றார்.