சந்தனப் பொட்டு வச்ச ரிமோட்டு

அந்த ரிமோட்டை முதல்ல தலகாணிக்கு அந்தப் பக்கம் வை துளசி. கையில கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறதுக்கு அது என்ன பொம்மையா? உங்கம்மா டூட்டிக்குக் கிளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போனா? "அக்கா, இவ டிவி கேட்பா, குடுத்துராத"ன்னு. குடுத்தா நாளைக்கு எனக்குத்தான் பாட்டு விழும்.

சரி, டிவி வேணுமா, கதை வேணுமா? கதையா? அப்படின்னா பெரியம்மாகிட்ட ஒட்டிப் படு. காலை மேல போடாத, வலிக்குது. நான் சொல்லச் சொல்ல நீ 'ம்' கொட்டணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன். எனக்கு ஒன்னும் தூக்கம் வராம இல்ல.

ஒரு ஊர்ல ஒரு தொண்டை இருந்துச்சு.

சிரிக்காத. தொண்டைதான். அது சும்மா தொண்டை இல்ல. ஆத்தங்கரையில வாழை மண்டி இருக்கு பாரு, அங்க வெள்ளனே வண்டி வண்டியா வாழைத்தார் வந்து இறங்கும். தொபுக்கு, தொபுக்குன்னு இறக்கிப் போடுவாங்க. லாரிக்காரன் பாம்ப்பாம்னு ஆரன் அடிப்பான். அத்தனை சத்தத்துக்கும் மேல அந்தத் தொண்டை கேட்கும். "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரர் பேரு மாசிலாமணி. ஏலம் விடுறதுதான் அவரு வேலை.

தரம்னா தடவை. யாரு கூடுதலா கேட்கிறாங்களோ அவங்களுக்குத்தான் தார். வேற யாராவது கேட்கிறாங்களான்னு பார்க்க மூணு தரம் சொல்லுவாரு. மூணாவது தரம் சொல்லிட்டாருன்னா முடிஞ்சுது. அப்புறம் எவ்வளவு பெரிய மனுசனா இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, தாரைத் தொடக் கூடாது. அதுதான் மண்டிக் கட்டுப்பாடு. இதை மட்டும் மனசுல வச்சுக்கோ. வச்சுக்கிட்டியா?

ம்.

அப்புறம் ஒருநாள் மண்டியில நின்னுக்கிட்டு இருக்கும்போதே அவருக்கு வாதம் வந்துருச்சு. வலது கையும் வலது காலும் விழுந்து போச்சு. வாயும் கொஞ்சம் கோணிக்கிச்சு. ஆஸ்பத்திரியில வச்சுப் பார்த்து, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து கட்டில்ல போட்டாங்க. உயிர் தப்புனதே பெருசுன்னாங்க. ஆனா அந்தத் தொண்டை இருக்கே, அது சுருங்கிப் போச்சு. கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

அப்போ டாக்டர் அவரு சம்சாரம் செண்பகத்தைக் கூப்பிட்டு, "அவருகூடப் பேசிக்கிட்டே இருங்கம்மா, மனுசக் குரல் காதுல விழுந்துக்கிட்டே இருந்தா பேச்சு திரும்பும்"னாரு. செண்பகம் தலையை ஆட்டுனா. ஆனா அவ என்ன பண்ணுவா? காலையில சத்துணவுக் கூடத்துக்குச் சமைக்கப் போகணும். மக முத்துச்செல்வி டவுன்ல ஜவுளிக்கடைக்குப் போகணும். வீட்டுல பேச யாரு இருக்கா? செண்பகம் யோசிச்சுப் பார்த்தா. பேசிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதானே? போயி டிவியைப் போட்டுவிட்டுட்டா.

நீ சிரிக்கிற. அவளுக்கு அது சிரிப்பா இல்ல. மனுசக் குரல்தானே வேணும், அதுல விடிஞ்சதுலேர்ந்து அடையிற வரைக்கும் மனுசங்கதானே பேசுறாங்கன்னு நினைச்சா. பாசத்துலதான் செஞ்சா. முத்துச்செல்வி அவ பங்குக்குத் தீபாவளி போனஸ்ல பெருசா ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கியாந்து டிவியோட சேர்த்து வச்சா. அப்பாவுக்கு நல்லா கேட்கட்டும்னு. தும்மு தும்முன்னு சுவரே அதிரும்.

அதுல என்னாச்சுன்னா, ஒருத்தி கொலை பண்ணுவா, ஒருத்தி அழுவா, நடுவுல ஒருத்தன் சோப்பு விப்பான். மாசிலாமணி படுத்த வாக்குல கேட்டுக்கிட்டே கிடப்பாரு. காலையில செண்பகம் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது வாயை அசைச்சு என்னமோ சொல்லுவாரு. டிவி சத்தத்துல அது எங்க கேட்கப் போகுது? "இன்னும் கொஞ்சம் வேணுமா?"ன்னு இன்னொரு கரண்டி ஊத்துவா. ஓட்டமா ஓடிருவா.

அந்த மனுசனுக்கு வேண்டியது ஒன்னே ஒன்னுதான். அந்தச் சத்தம் நிக்கணும். தான் பேசுறது ஒரு தடவையாவது அவ காதுல விழணும். அது நமக்குத் தெரியுது, உனக்கும் எனக்கும். அந்த வீட்டுல யாருக்கும் தெரியல.

அப்போ ஒருநாள் இடது கையால ரிமோட்டை எட்டி எடுத்தாரு, அணைக்கலாம்னு. பழக்கமில்லாத கை. நழுவிப் போயி டமார்னு தரையில விழுந்து, செல்லு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், ரிமோட்டு ரெண்டா உடைஞ்சு போச்சு. சாயங்காலம் முத்துச்செல்வி வந்து பார்த்துட்டு, "பாவம்மா அப்பா, சேனல் மாத்தப் பார்த்திருக்காரு"ன்னா.

கண்ணு முன்னாடி நடக்கிறதைக்கூட நாம நினைச்சபடிதான் பார்க்கிறோம்.

தூங்கிட்டியா? 'ம்'மைக் காணோம்.

ம்ம்.

அப்புறம் முத்துச்செல்வி டவுன்லேர்ந்து ஒரு புது ரிமோட்டு வாங்கியாந்தா. அது எல்லா டிவிக்கும் ஆகுற ரிமோட்டு. ஆனா வாங்குனதும் வேலை செய்யாது. பழக்கணும். ஒவ்வொரு கம்பெனி டிவிக்கும் ஒரு பாஷை உண்டாம். அந்த ரிமோட்டுக்கு எல்லாப் பாஷையும் தெரியும், ஆனா இந்த வீட்டு டிவிக்கு எது புரியும்னு தெரியாது. அதனால கடைக்காரர் சொல்லிக் குடுத்தாரு. "இந்த பட்டனை அமுக்கிப் பிடி, செகப்பு லைட்டு எரியும். அப்புறம் பவர் பட்டனை விட்டு விட்டுத் தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அது ஒவ்வொரு பாஷையில டிவிகிட்ட பேசும். எப்போ டிவி அணையுதோ, அதுதான் சரியான பாஷை. அப்போ உடனே ஓகே பட்டனைத் தட்டணும். விட்டுட்டா மறுபடி முதல்லேர்ந்து."

நல்லாத்தான் கேட்டுக்கிட்டு வந்தா. ஆனா வீட்டுக்குப் புதுசா ஒரு பொருள் வந்தா செண்பகம் சும்மா விடுவாளா? வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால வச்சு, சூடம் காட்டி, ரிமோட்டுக்கு நெத்தியில நல்லா கெட்டியா ஒரு சந்தனப் பொட்டு. அதுக்கு மேல குங்குமம். "இதாலயாவது அவருக்குப் பொழுது நல்லபடியா போகட்டும்"னு கும்பிட்டா.

அப்புறம் முத்துச்செல்வி தட்டுனா. டிக். டிவி பாட்டுக்கு ஓடுது. டிக். ஓடுது. டிக், டிக், டிக். செகப்பு லைட்டு எரியுது, டிவி ஏன்னு கேட்கல. செல்லை மாத்திப் பார்த்தா, கிட்டப் போயிப் பார்த்தா, எட்ட நின்னு பார்த்தா. ம்ஹும். "ஏமாத்திட்டாம்மா கடைக்காரன்"னு கட்டில்மேல போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டா.

மாசிலாமணி அந்த ரிமோட்டைப் பார்த்தாரு. உதட்டுக்குள்ளேயே சொன்னாரு, "ஒரு தரம்."

யாருக்குக் கேட்டுச்சு? யாருக்கும் கேட்கல. டிவியில ஒருத்தி அப்போ ஓன்னு அழுதுக்கிட்டு இருந்தா.

அப்புறம் அவரு இடது கையால ரிமோட்டை இழுத்து, அதோட நெத்தியைப் போர்வையில தேய் தேய்னு தேய்ச்சாரு. செண்பகம் வந்து பார்க்கிறா, நேத்துத் துவைச்ச போர்வையில மஞ்சளும் செகப்புமா ஒரு பட்டை. "ஏங்க, இப்படியா பண்ணுவீங்க?"ன்னு கையை ஓங்குற மாதிரி வந்துட்டா. முத்துச்செல்விதான் ஓடியாந்து ரிமோட்டை வாங்கிப் பார்த்தா. பார்த்துட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. அது பேசுறதே நெத்தியில இருக்கிற அந்தச் சின்ன கண்ணாடி வழியாத்தான் துளசி. இவங்க அது வாயிலேயே சந்தனத்தை அப்பிட்டு, பேசு பேசுன்னு தட்டியிருக்காங்க.

ம்... அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?

அவ தட்டுற நேரமெல்லாம் அந்தப் பொட்டையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா உனக்குந்தான் தெரியும். குறுக்க கேட்காத, எனக்குக் கோர்வை விட்டுப் போகும்.

அடுத்த லீவு நாள்ல ரெண்டாவது தடவை ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவை செண்பகம் தட்டுறா, முத்துச்செல்வி அப்பாவுக்கு நகம் வெட்டிக்கிட்டு இருக்கா. டிக். இல்ல. டிக். இல்ல. டிக், டிக், டிக், தட்டித் தட்டிக் கட்டைவிரல் வீங்கிப் போச்சு. அப்போ பொக்குன்னு டிவி அணைஞ்சுது.

செண்பகம் என்ன செஞ்சிருப்பான்னு நினைக்கிற? ஓகே பட்டனைத் தட்டலை. டிவி அணைஞ்சா நம்ம ஊர்ல முதல்ல வாயில என்ன வரும்? "போச்சு, கரண்டு போயிருச்சு." அண்ணாந்து ஃபேனைப் பார்த்தா. ஃபேன் சுத்துது. "ஐயையோ, டிவிதான் கெட்டுப் போச்சு போல, மனுசன் பகலெல்லாம் என்ன பண்ணுவாரு"ன்னு ரிமோட்டை வீசிட்டு ஓடிப்போயி, சுவர்ல இருக்கிற சுவிட்சை டப்புன்னு அணைச்சு, டப்புன்னு போட்டா. டிவி மறுபடியும் தும்மு தும்முன்னு வந்துருச்சு. அவளுக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

ரிமோட்டுல செகப்பு லைட்டு அணைஞ்சே போச்சு. மறுபடி முதல்லேர்ந்து.

ஆனா அந்தக் கொஞ்ச நேரம், அவ சுவிட்சுக்கு ஓடுன நேரம், வீடு அமைதியா இருந்துச்சில்ல? அப்போ மாசிலாமணி வாயைத் திறந்து, "ரெண்டு த..."ன்னாரு. அதுக்குள்ள டிவி வந்து அவரை முழுங்கிருச்சு. முத்துச்செல்வி நகம் வெட்டுறதை விட்டுட்டு நிமிர்ந்தா. "அம்மா, யாரோ பேசுன மாதிரி இருந்துச்சே?"

"டிவியிலடி"ன்னா செண்பகம்.

பக்கத்துல படுத்திருக்கிற மனுசன் நாலு மாசம் கழிச்சு வாயைத் திறக்கிறாரு, பெத்த மக காதுலயும் விழுது, அதையும் டிவி கணக்குல எழுதிட்டாங்க.

ம்.

மூணாவது தடவை. செண்பகத்துக்கு விரல் வீக்கம். முத்துச்செல்வி, "எனக்கும் பொறுமை இல்லம்மா, அப்பாவே தட்டட்டும், கைக்கும் பயிற்சியா இருக்கும்"னு சொல்லி, லைட்டை எரிய விட்டு, அவரு இடது கையில ரிமோட்டை வச்சு, நழுவாம ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிட்டா. "அணைஞ்சதும் இதைத் தட்டணும்ப்பா"ன்னு ஓகே பட்டனைக் காட்டுனா. அப்புறம் கொடியில துணி எடுக்கப் போயிட்டா. செண்பகம் அடுப்படியில ரசம் கூட்டிக்கிட்டு இருந்தா.

மாசிலாமணி அவசரப்படலை. மண்டியில ஒவ்வொரு தாரா நின்னு பார்த்து விலை சொன்ன மனுசன் அவரு. டிக். டிவியைப் பார்ப்பாரு. ஓடுதா, சரி. டிக். பார்ப்பாரு. ஓடுதா, சரி. விரல் அசந்து போகும், நிறுத்துவாரு, செகப்பு லைட்டு போறதுக்குள்ள மறுபடி டிக். நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துது. டிவியில சோப்பு விக்கிறவன் வந்தான், போனான், அழுகிறவ வந்தா, போனா. டிக்.

பொக்.

அணைஞ்சுது. வீடே நின்னு போன மாதிரி ஆயிருச்சு. அவரு கட்டைவிரலை மெதுவா, மெதுவா நகர்த்தி ஓகே பட்டனைத் தட்டுனாரு. செகப்பு லைட்டு ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டுச்சு. ரிமோட்டுக்கும் டிவிக்கும் பாஷை புரிஞ்சு போச்சு. இனி எப்போ வேணும்னாலும் போடலாம், எப்போ வேணும்னாலும் அணைக்கலாம்.

அவரு போடலை.

அப்போ அடுப்படியிலேர்ந்து தடதடன்னு ஓடி வர்றா செண்பகம், கையில கரண்டியோட. "மறுபடியும் போச்சா? இருங்க, இருங்க, நான் போட்டு விடுறேன்." சுவிட்சுக்குக் கையைத் தூக்கிட்டா. விரல் சுவிட்சுமேல இருக்கு.

"மூணு தரம்."

கொசு ரீங்காரம் மாதிரிதான் இருந்துச்சு. ஆனா வீட்டுல வேற சத்தமே இல்லையே. நல்லாக் கேட்டுச்சு. செண்பகம் கை அப்படியே நின்னு போச்சு. முப்பது வருசம் ஏலக்காரர்கூடக் குடும்பம் நடத்துனவ, மூணாந்தரம் சொன்னப்புறம் கையை வைக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதா? சுவிட்சுலேர்ந்து கையை எடுத்துட்டா. துணியோட வாசல்ல வந்து நின்ன முத்துச்செல்வியும் அங்கேயே நின்னுட்டா.

அப்புறம் அவரு குழறிக் குழறி இன்னொன்னு கேட்டாரு. "செண்பகம்... நீ தின்னியா?"

காலையில தினமும் கஞ்சி ஊட்டும்போது அவரு வாயை அசைச்சது இதுக்குத்தான். எனக்கு ஊட்டிட்டு நீ வெறும் வயித்தோட ஓடுறியேன்னு. நாலு மாசமா கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. ஒவ்வொரு தடவையும் அவ இன்னொரு கரண்டி ஊத்தியிருக்கா.

செண்பகம் கரண்டியைக் கீழே போட்டுட்டுக் கட்டில் கால்ல சாஞ்சு அழுதா. "பேசச் சொன்னாங்கன்னு அதைப் பேச விட்டுட்டு, உங்க வாயை அடைச்சுட்டேனே"ன்னு அழுதா. அவரு ரப்பர் பேண்டு போட்ட கையைத் தூக்கி அவ தலையில வச்சாரு. அடுப்புல ரசம் புஸ்ஸுன்னு பொங்கி வழிஞ்சுது. யாரும் எழுந்து போகலை.

அப்புறம் என்ன பேசுனாங்க பெரியம்மா?

அது எனக்கெப்படித் தெரியும்? அது அவங்க வீட்டுப் பேச்சு. அந்த டிவிப் பெட்டிக்கே தெரியாது, அதைத்தான் அணைச்சாச்சே.

என்ன இது, ரிமோட்டை என் கையில திணிக்கிற? குடு. காலையில உங்கம்மா வந்ததும், டிவி பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி, சாப்பிட்டியாம்மான்னு ஒரு வார்த்தை கேளு. அவளும் ராவெல்லாம் நின்னுட்டுத்தான் வருவா.

ம்...

ஒரு தரம், கண்ணை மூடு. ரெண்டு தரம், காலை நீட்டு. மூணு தரம். கதை ஏலம் போச்சு, தூக்கம் எடுத்துக்கிச்சு. இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.