ராவுத்தருக்குப் போட்ட திரை

அந்த மடத்தில் குருவுக்கு நாற்பத்து நான்கு வயது, சீடருக்கு அறுபத்தொன்று. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சீடர் செங்கோடன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. அறிவுக்கும் நரைக்கும் என்ன சம்பந்தம் என்பார்.

மலை உச்சியில் மடம். அரை மைல் கீழே, அருவிக்குப் பக்கத்தில், செங்கோடன் நடத்தும் பத்து அறை விடுதி. மனைவி இறந்த பிறகு அந்தப் பத்து அறைக்கும் சேர்த்து அவர் குரல் ஒன்றுதான். அதையும் அவர் அதிகம் செலவழிப்பதில்லை.

அன்று உச்சிப்பொழுதில் மூச்சிரைக்க மடத்துக்கு ஏறி வந்தார்.

"சாமி, ராவுத்தர் கிளம்பறாருங்க."

மீராசா ராவுத்தரைச் சொன்னார். பள்ளபட்டிக்காரர், எழுபதை ஒட்டிய வயது. நோன்பு மாதத்தில் பத்து நாள் மலையில் தங்கப் போகிறேன் என்று விடுதிக்குத் தனியாக வந்தவர். இன்றைக்கு மூன்றாம் நாள்தான். அதற்குள் மூன்று மணிப் பேருந்துக்குப் பையைக் கட்டி வைத்துவிட்டார்.

குரு முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்களே."

"வெளையாடாதீங்க சாமி. இதுக்கு முன்னாடி மூணு முஸ்லிம் குடும்பம் வந்துச்சுங்க. வாணியம்பாடிக்காரங்க, மேல்விசாரத்துக்காரங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மறுநாளே போயிட்டாங்க. இவரும் போயிட்டாருன்னா அந்தச் சனம் இனி நம்ம மலைப் பக்கமே வராதுங்க."

பேருந்து போன பிறகு விடுதி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"என்ன குறைன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க. ஒரு குறையும் இல்லீங்க, எல்லாமே சரியா இருக்கு, நான் ஊருக்கே போயிடறேன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

"என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க."

இதற்காகவே காத்திருந்தவர்போல் செங்கோடன் உட்கார்ந்தார்.

"தொழுகைக்கு எந்தத் திசைன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிட்டு வந்து பாத்து, ரூமுக்கு ரூம் சுவத்துல அம்பு போட்டேன். ரெண்டு ரூம்ல கக்கூசு அந்தத் திக்கைப் பாத்து இருந்துச்சு. ஆகாதுன்னாங்க. இடிச்சுத் திருப்பிட்டேன். கறி, அடிவாரத்துல பாய் கடையிலிருந்து பஸ்ஸுல வருது. அதுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். நோன்புக் கஞ்சிக்கு, பள்ளிவாசல்ல காச்சறவர் பக்கத்துல ஒரு வாரம் நின்னு கத்துக்கிட்டேன். இங்க பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேக்காதுங்களே, அதுக்காக மேசை மேல அலாரம்."

"கஞ்சி நல்லா வந்துச்சா?"

"ஊர்க் கஞ்சி மாதிரியே இருக்குன்னு அவரே சொன்னாருங்க. ஆனா ரெண்டு நாளும் பாதிக் கிண்ணம் அப்படியே கெடந்துச்சு."

"அவர் குடிக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

செங்கோடன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பெருமையான இடம் இதுதான்.

"நான் அங்க நிக்கவே மாட்டேனுங்க. சாப்பாட்டு ரூமுக்குப் பட்டுத் துணியில திரை தெச்சிருக்கேன். பேரீச்சம்பழம், கஞ்சி, தண்ணி எல்லாம் வெச்சுட்டு, திரையை இழுத்துவிட்டுட்டு வந்துருவேன். விருந்தாளி தெய்வம்னு நீங்கதானே சொன்னீங்க? சாமிக்குப் படையல் வெச்சா நாம திரை போட்டுட்டு விலகிக்கறதில்லீங்களா? அந்த மாதிரிதான் எல்லாருக்கும் செஞ்சேன்."

குருவின் விரல் உளுந்தில் அப்படியே நின்றது.

"உள்ள இருந்து அவர் ஒண்ணும் கேக்கலையா?"

"நேத்து, யாராச்சும் இருக்கீங்களான்னு ஒரு குரல் வந்துச்சுங்க. தாகமா இருக்கும்போலன்னு இன்னொரு சொம்புத் தண்ணியைத் திரைக்கு அடியில நகத்தி வெச்சேன். அப்புறம் கூப்பிடலை."

குரு முறத்தைக் கீழே வைத்தார்.

"அவர் ஏன் தனியா வந்திருக்காரு?"

"தெரியலீங்க."

"பிள்ளைங்க எத்தனை?"

"கேக்கலீங்க சாமி. தொந்தரவு பண்ணக் கூடாதில்லீங்களா?"

"நீங்க எங்க சாப்பிடறீங்க?"

"திரைக்கு இந்தப் பக்கம், சமையக்கட்டுல. நின்னுக்கிட்டே."

குரு எழுந்தார். "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

"வண்டிக்கு நேரமாயிருமுங்க."

"சாப்பிட்டுட்டுப் போங்க."

இரண்டாம் தடவை சொன்னால் மறுக்கக் கூடாது என்பது செங்கோடனுக்குத் தெரியும். கூடத்தில் இரண்டு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரு இலை போட்டார். சோறு, சுரைக்காய்க் கூட்டு, ரசம், இரண்டு அப்பளம். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பரிமாறிவிட்டு, கொடியில் காய்ந்த காவி வேட்டி ஒன்றை எடுத்து வந்து, இரண்டு தூணுக்கும் நடுவே கட்டினார். கட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

செங்கோடன் கொஞ்ச நேரம் வேட்டியைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார்.

அப்பளத்தைக் கடித்தார். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அவருக்கே கூச்சமாகப் போய், இன்னொரு துண்டை வாயிலேயே ஊறவைத்து விழுங்கினார். ரசத்தில் உப்புக் குறைவு. சொல்லலாம் என்று வாயெடுத்தார். வேட்டியைப் பார்த்துச் சொல்வதா என்று மூடிக்கொண்டார்.

அந்தப் பக்கம் யாரோ ரசம் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நாலாவது கவளம் இறங்கவில்லை. நெஞ்சில் அடைத்தது. மனைவி போனதிலிருந்து நாலு வருஷமாக அது அங்கேயேதான் அடைத்துக்கொண்டு நின்றது. நின்றுகொண்டே அவசரமாக விழுங்கியதில் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. உப்புக் குறைந்ததும் கூடினதும் இந்த நாலு வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இலையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. எச்சில் கையால் எப்படித் துடைப்பது என்று தெரியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

இடது கையால் வேட்டியை விலக்கினார். ஒரு முழத் தூரத்தில் குரு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் விலக்கிட்டீங்க?"

"எறங்கலீங்க சாமி."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்."

செங்கோடன் வேட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி ஒதுக்கினார். பிறகு, "ரசத்துல உப்புக் கம்மிங்க" என்றார்.

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்று குரு உப்பு மரவையை நடுவில் வைத்தார்.

இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். சுரைக்காய் யார் வீட்டுக் கொடியில் காய்த்தது என்று குரு சொன்னார். தன் மனைவிக்குச் சுரைக்காய் பிடிக்காது என்று செங்கோடன் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

கை கழுவியதும் செங்கோடன் செருப்பை மாட்டினார். மாட்டியவர் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"சாமி, நான் அவர்கூட உக்காரலாங்களா?"

குரு முறத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் நோன்பு வெக்காதவன். வேற சாமி கும்புடறவன். அவங்க நோன்பு தெறக்கற நேரத்துல போய்ப் பக்கத்துல உக்காந்தா அவங்க முறைக்கு ஆகுமா? அவர் தப்பா எடுத்துக்கிட்டாருன்னா?"

"திசை எதுன்னு யாரைக் கேட்டீங்க?"

"ஹஜ்ரத்தைக் கேட்டேனுங்க."

"கஞ்சிப் பக்குவம்?"

"பள்ளிவாசல்ல காச்சறவரை."

"இப்ப இதை யாரைக் கேக்கறீங்க?"

"உங்களைத்தானுங்க சாமி."

குரு முறத்தை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் எங்கேயும் போகலை, செங்கோடண்ணா. போறவரைக் கேளுங்க."