நாற்றை மிதித்தவன்

பண்ணையாரைக் காணவில்லை. அவர் மகன் தியாகசுந்தரம், நடவுக்காரி பொன்னுருவியின் புருஷனைப் புளியமரத்தில் கட்டிவைத்தான்.

"அப்பாவை எங்கடி புதைச்சீங்க? உச்சிப்பொழுதுக்குள்ள காட்டு. இல்லேன்னா இவன் பொணம்தான் உனக்கு."

அவள் வயலைச் சுற்றிவந்து ஒரு மூலையில் நின்றாள்.

"நேத்து நாத்து பத்தாம இந்த மூலையை விட்டுட்டுப் போனோம். இப்போ நட்டிருக்கு. தோண்டுங்க."

கூடியிருந்த ஊரார் தோண்டினார்கள். மண்டை பிளந்து கிடந்தார் பண்ணையார்.

"பாத்தீங்களா? இடம் தெரியுதுன்னா நட்டவளும் இவதான்" என்றான் தியாகசுந்தரம்.

"நடவுன்னா பின்னால நகர்ந்துதான் நடுவோம், சின்னையா. தோண்டாம ஓரத்துல மிச்சமிருக்கிற நாத்தைப் பாருங்க. நட்டதையே மிதிச்சுக்கிட்டு முன்னால போயிருக்காங்க. நடவு தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு?"

எல்லோரும் தியாகசுந்தரத்தின் கால்களைப் பார்த்தார்கள். நகக்கண்களில் சேறு காய்ந்திருந்தது.

பொன்னுருவி போய்ப் புருஷனின் கட்டை அவிழ்த்தாள். யாரும் தடுக்கவில்லை.